பச்சை மூடிய பாதையில் படகு

பஸ்ஸுக்கு ரோடு உண்டு. ரயிலுக்குத் தண்டவாளம் உண்டு. குட்டநாட்டுப் படகுக்கு எது பாதை?

மழை ஓய்ந்த பிறகு ஆலப்புழைப் பக்கத்து வாய்க்கால் ஒன்றின் கரையில் நின்று பார்த்தால், சில இடங்களில் தண்ணீரே கண்ணில் படாது. கரைக்குக் கரை ஆகாயத்தாமரை பச்சைப் பசேல் என்று விரிந்து கிடக்கும். நடுநடுவே ஊதாப் பூக்கள். புதிதாக வருகிறவர் அதைப் புல்வெளி என்றே நினைத்துவிடுவார். அந்தப் புல்வெளியை நோக்கி, பள்ளிப் பிள்ளைகளையும் கூலியாட்களையும் ஆபீஸ் ஊழியர்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு படகு வரும். கிட்டத்தில் வந்ததும் எஞ்சின் சத்தம் தணியும். படகு மெல்ல நுழையும். செடிகள் விலகி வழி விடும். படகு போனதும் மறுபடி கூடிக்கொள்ளும்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அது அழகு. அன்றாடம் அந்தப் படகில் போய் வருகிறவர்களுக்கு அது பிழைப்புப் பிரச்சினை.

தண்ணீரே தெரு

குட்டநாடு தாழ்ந்த பூமி. அங்குள்ள வயல்களில் பெரும்பகுதி கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. சில இடங்களில் இரண்டு மீட்டருக்கு மேல் தாழ்வு. காயலையும் சதுப்பையும் வரப்பு கட்டி வளைத்து, உள்ளே இருக்கும் நீரை இறைத்து வெளியேற்றி நெல் பயிரிடுகிறார்கள். இப்படி வளைத்த வயல் தொகுதிக்குப் 'பாடசேகரம்' என்று பெயர். பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆகிய நான்கு ஆறுகளும் இந்தப் பூமிக்கு வந்து, பின்னர் வேம்பநாட்டுக் காயலில் கலக்கின்றன.

இப்போது பல இடங்களுக்கு ரோடும் பாலமும் வந்துவிட்டன. ஆனாலும் கைநகரி போன்ற ஊர்களில் வரப்பின்மேல் குடியிருக்கும் குடும்பங்கள் இன்னும் படகையே நம்பியிருக்கின்றன. அரிசி மூட்டை வருவது படகில். பிரசவத்துக்குப் போவது படகில். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் குட்டநாடு மூழ்கியபோது ஜனங்களைக் கரை சேர்த்ததும் படகுகள்தான்.

1968-ல் அமைக்கப்பட்ட கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை இந்தப் பகுதியில் பயணிகள் படகுகளை ஓட்டி வருகிறது. ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்குப் படகில் இரண்டரை மணி நேரம் ஆகும். பஸ்ஸில் போவதைவிட நேரம் அதிகம், செலவு குறைவு. கோட்டயத்தை ஒட்டிய வாய்க்காலில், படகு வரும்போது கயிற்றால் இழுத்துத் தூக்கும் சிறு பாலங்கள் உண்டு. பிழைக்க வந்த தமிழர்கள் பலருக்கு இந்தப் பாதை பழக்கப்பட்டதே.

கயிற்று மணி

பழைய மாதிரிப் படகுகளில் சுக்கான் பிடிப்பவர் ஒருவர். எஞ்சினை இயக்குபவர் வேறொருவர். சுக்கான் பிடிப்பவரை 'ஸ்ராங்கு' என்பார்கள். அவர் முன்பக்கம் இருப்பார். எஞ்சின் டிரைவர் பின்னால், சத்தத்துக்கும் சூட்டுக்கும் நடுவே இருப்பார். ஸ்ராங்கு கயிற்றை இழுத்தால் டிரைவர் பக்கத்தில் மணி அடிக்கும். அந்த மணிக் கணக்கை வைத்துத்தான் டிரைவர் எஞ்சினை ஓட்டுவதும் நிறுத்துவதும் பின்னோக்கிச் சுற்றுவதும். பாதையைப் பார்க்கிறவர் கையில் எஞ்சின் இல்லை; எஞ்சின் வைத்திருப்பவருக்குப் பாதை தெரியாது. கயிறு கட்டிப் போடும் லஸ்கர்களும், பொறுப்பாளரான படகு மாஸ்டரும் உடன் இருப்பார்கள்.

செடி அடர்ந்த இடத்தில் இவர்கள் எல்லாருக்கும் சேர்ந்து ஒரே புத்தி வேண்டும். வேகமாகப் போனால் கிழித்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைப்பது தவறு. படகின் அடியில் சுழலும் விசிறிதான் படகைத் தள்ளுகிறது. அது வேகமாகச் சுழலச் சுழல, சுற்றியுள்ள நீரை இழுக்கும். நீரோடு செடியையும் இழுக்கும். ஆகாயத்தாமரையின் வேர் குஞ்சம் போல் தொங்கும். ஒரு செடியை அடுத்த செடியோடு இணைக்கும் தண்டு கயிறு போல் இருக்கும். இரண்டும் விசிறித் தண்டில் சுற்றிக்கொண்டால் படகு நின்றுவிடும்.

அதனால் அனுபவசாலிகள் செய்வது வேறு. செடி மெலிந்த இடத்தைத் தூரத்திலேயே பார்த்துக்கொள்வார்கள். அதற்கு நேராகப் படகைத் திருப்பி, திறந்த நீரில் கொஞ்சம் ஓட்டம் கொடுப்பார்கள். செடியின் விளிம்பு வந்ததும் எஞ்சினைத் தணித்து, விசிறி சுழலாமல் நிறுத்துவார்கள். கொடுத்த ஓட்டத்திலேயே படகு வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். திட்டு பெரிதாக இருந்தால், நடுவில் சிறிது நேரம் மட்டும் விசிறியைச் சுழற்றி மறுபடி நிறுத்துவார்கள்.

விசிறியில் சுற்றினால்

செடி சுற்றிவிட்டது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. எஞ்சின் திணறும், புகை கறுக்கும், படகு அதிரும், வேகம் மட்டும் குறையும். உடனே எஞ்சினைத் தணிக்க வேண்டும். பிறகு விசிறியைச் சிறிது நேரம் பின்னோக்கிச் சுற்றினால், சுற்றிய செடி அவிழ்ந்து மிதந்து வரும். ஒரு தடவைக்கு இரண்டு தடவை முன்னும் பின்னும் மாற்றிப் பார்ப்பார்கள். ஆனால் பின்பக்கம் நீர் திறந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும். பின்னாலும் செடி அடைத்திருந்தால் சுக்கானும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

இதற்கும் அவிழவில்லை என்றால் எஞ்சினை அடியோடு நிறுத்திவிட்டு, கொக்கியால் இழுத்தும் கத்தியால் அறுத்தும் எடுக்க வேண்டும். செடியைவிடப் பொல்லாதது அதற்குள் மறைந்திருக்கும் நைலான் வலைத் துண்டும் பிளாஸ்டிக் சாக்கும். நைலான் விசிறித் தண்டில் இறுகிவிட்டால் லேசில் அறுபடாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. வெளி நீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிர வைக்கும் படகுகளில், அந்த நீர் நுழையும் வாயைச் செடியின் நார் அடைத்துவிடும். படகின் பக்கவாட்டில் நீர் பீச்சி அடித்துக்கொண்டிருக்கிறதா என்று டிரைவர் அடிக்கடி பார்ப்பது இதற்காகத்தான். நீர் வருவது நின்றால், சூடேறுமுன் எஞ்சினை நிறுத்தியாக வேண்டும்.

2017 ஜனவரியில் வைக்கம்-தவணக்கடவு பாதையில் 'ஆதித்யா' என்னும் சூரிய சக்திப் படகு விடப்பட்டது. 75 பேர் போகலாம். புகை இல்லை, டீசல் வாசனை இல்லை. ஆனால் நீரைத் தள்ளும் விசிறி அதற்கும் உண்டு. எஞ்சின் மாறினாலும் செடியின் குணம் மாறுவதில்லை.

ஆழம் பார்க்கும் கண்

செடி கண்ணுக்குத் தெரியும் எதிரி. ஆழமின்மை தெரியாத எதிரி. ஆறு கொண்டுவரும் வண்டல், காயலில் சேரும் இடத்தில் ஓட்டம் தளர்ந்ததும் படிந்துவிடும். நேற்றுப் போன இடத்தில் இன்று மண் தட்டலாம்.

ஆற்று வளைவில் வெளிப்பக்கக் கரையை ஒட்டி ஆழம் இருக்கும். உள்பக்கம் மண் மேடிடும். ஆகவே வளைவில் குறுக்கு வழி தேடுவது ஆபத்து. தண்ணீரின் நிறமும் அலையின் வடிவும் ஆழத்தைக் காட்டிக் கொடுக்கும். ஆழமில்லாத இடத்தில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். தண்ணீர்முக்கம் தடுப்பணைக்கு வடக்கே கடலின் ஏற்ற இறக்கமும் கணக்கில் வரும். ஏற்றத்தில் தாராளமாகப் போன படகு இறக்கத்தில் தரை தட்டும்.

வேகத்துக்கும் ஆழத்துக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. ஆழம் குறைந்த நீரில் வேகமாகப் போனால், படகுக்கும் தரைக்கும் நடுவே உள்ள நீர் நெருக்குண்டு விரைந்து ஓடும். அதனால் அங்கே நீரின் தாங்கு சக்தி குறைந்து படகு, முக்கியமாக அதன் பின்பக்கம், கீழே அமுங்கும். நின்றிருக்கும்போது தட்டாத தரை ஓடும்போது தட்டும். படகின் பின்னால் அலை உயர்ந்து துரத்தி வருவதும், நீர் சேறாகக் கலங்குவதும், சுக்கானுக்குப் படகு சரியாகக் கட்டுப்படாமல் போவதும் அதற்கு முன்னறிவிப்பு. அப்போது செய்ய வேண்டியது ஒன்றே. வேகத்தைக் குறைத்தால் படகு தானே மேலே எழும்பும்.

எஞ்சின் போகாத இடத்தில் கழுக்கோல் போகும். நீண்ட மூங்கில் கழியைக் குட்டநாட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள். அடி தட்டையான வள்ளத்துக்கு முழங்கால் அளவு நீர் போதும். வள்ளக்காரர் கழியைத் தரையில் ஊன்றி, விளிம்பில் நடந்தபடியே வள்ளத்தைத் தள்ளுவார். தள்ளுவதும் அதே கழி. ஆழம் அளப்பதும் அதே கழி. செடியை ஒதுக்குவதும் அதே கழி. சேற்றில் ஆழப் புதைந்தால் இழுக்கக் கூடாது, திருகி எடுக்க வேண்டும். திருகியும் வராவிட்டால் விட்டுவிட வேண்டும். கழியைப் பிடித்துக்கொண்டே இருந்தால் வள்ளம் போய்விடும், ஆள் நீரில் இருப்பார்.

மறக்கக் கூடாத இரண்டு நாட்கள்

1924 ஜனவரி 16 இரவு, கொல்லத்திலிருந்து வடக்கே போன 'ரிடீமர்' என்ற படகு பல்லனை ஆற்றில் கவிழ்ந்தது. மலையாள மகாகவி குமாரன் ஆசான் அதில் மாண்டார்.

2002 ஜூலை 27 காலை, முகம்மாவிலிருந்து குமரகத்துக்குப் போன படகு வேம்பநாட்டுக் காயலில் கவிழ்ந்து 29 பேர் இறந்தனர். அரசு வேலைக்கான தேர்வு எழுதக் கோட்டயத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் அந்தப் படகில் பலர். வேலை தேடிப் போனவர்கள் கரை சேரவில்லை.

இரண்டிலும் அளவுக்கு மிஞ்சிய கூட்டம் இருந்தது. பாரம் ஏறினால் படகு தாழும். தாழ்ந்த படகுக்குக் கூடுதல் ஆழம் வேண்டும். நெரிசலில் ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர்வதும் கடினம். ஆழமில்லாத நீரில் ஆபத்தில்லை என்று எண்ணுவது அறியாமை. ஆளை மூழ்கடிக்க ஆள் உயரத் தண்ணீர் போதும்.

பிரேசில் செடிக்கு ஆப்பிரிக்கப் பெயர்

இந்தச் செடிகள் நம் நாட்டுக்குச் சொந்தமல்ல. ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பூவின் அழகுக்காக மனிதர்களே கொண்டுவந்து வளர்த்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் பரவியது. குட்டநாட்டார் இதைப் 'போள' என்றும் 'குளவாழை' என்றும் சொல்கிறார்கள். ஏற்ற சூழ்நிலையில் ஓரிரு வாரத்தில் இரட்டிப்பாகும். விதை சேற்றில் பல வருஷம் உயிரோடு கிடக்கும்.

இன்னொன்று 'ஆப்பிரிக்கன் பாயல்'. பெயரில்தான் ஆப்பிரிக்கா, பூர்வீகம் பிரேசில். இதற்கு விதையே கிடையாது. ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் தனிச் செடியாகும். படகின் விசிறி அதை வெட்டினால் அழிவதற்குப் பதில் பெருகும். ஒரு காலத்தில் கேரளத்து வாய்க்கால்களையும் வயல்களையும் இது மூடிவிட்டது. இதைத் தின்னும் சிறு கூன்வண்டு ஒன்றை ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்து, 1983 முதல் இந்தியாவில் விட்டார்கள். முதலில் பெங்களூர்க் குளத்தில் சோதித்து, பின் கேரளத்தில் விட்டதில் நல்ல பலன் கிடைத்தது. கடுகளவு வண்டு, ஆட்களால் ஆகாத வேலையைச் செய்தது. ஆகாயத்தாமரையைத் தின்னும் வேறு வண்டுகளும் வந்தன. ஆனால் அந்த அளவு வெற்றி கிட்டவில்லை.

காரணம், போளைக்குத் தீனி குறையவில்லை. வயலில் போட்ட உரம், நகரத்துச் சாக்கடை, சுற்றுலாப் படகுகளின் கழிவு எல்லாம் வந்து சேர்வது இந்த நீரில்தான். நெல் விதைக்குமுன் வயலில் கிடக்கும் போளையை வாய்க்காலுக்குத் தள்ளிவிடுவதும் வழக்கம். விவசாயிக்கு வேறு வழி இல்லை. படகுக்காரருக்கோ பாதை போய்விடுகிறது.

தண்ணீர்முக்கம் தடுப்பணையும் ஒரு காரணம். கோடையில் கடலின் உப்பு நீர் ஏறி நெற்பயிரைக் கெடுக்காமல் இருக்க 1970-களில் கட்டி, 1976-ல் இயக்கத்துக்கு வந்தது. வழக்கமாக டிசம்பர் நடுவில் மடைகளை மூடி மார்ச் நடுவில் திறக்க வேண்டும். அறுவடை தாமதமானால் திறப்பதும் தாமதமாகும். பயிருக்கு நன்மைதான். ஆனால் போளையைக் கொல்வதும் அதே உப்பு நீரே. முன்பெல்லாம் ஆண்டுதோறும் கடலே வந்து வாய்க்காலைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும். இப்போது அணைக்குத் தெற்கே நீர் தேங்கி நிற்கும் மாதங்களில் போள தழைக்கிறது. மடை திறந்த பிறகே உப்பு பட்டுக் கருகுகிறது.

படகு நின்றால் வாய்க்காலும் நிற்கும்

எந்திரத்தால் வாரி எடுக்கிறார்கள். ஆட்களை விட்டும் இழுக்கிறார்கள். வாரியதைக் கரையிலேயே குவித்து வைத்தால் அடுத்த மழையில் மறுபடி நீரில் விழும். எடுத்துப்போய் உரமாக்கலாம், தண்டைக் காயவைத்துக் கூடை, பாய் முடையலாம். ஆனால் சுமப்பதற்கே செலவு அதிகம், ஏனெனில் செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்.

கொல்லம்-கோட்டப்புரம் நீர்வழி 1993-ல் தேசிய நீர்வழி எண் 3 ஆக அறிவிக்கப்பட்டது. கிளைக் கால்வாய்கள் இரண்டையும் சேர்த்து 205 கிலோமீட்டர். 2016-ல் கோழிக்கோடு வரை நீட்டினார்கள். பெரிய பாதையைத் தூர்வாரவும் அடையாளம் வைக்கவும் அதற்கென ஆணையம் இருக்கிறது. ஜனங்கள் ஏறி இறங்கும் சின்ன வாய்க்கால்களுக்குத்தான் கவனிப்பு வேண்டும். அங்கே தினம் நாலு தடவை படகு போய் வந்தாலே நடுவில் ஒரு வழி திறந்திருக்கும். 'கூட்டம் இல்லை' என்று ஒரு சர்வீஸை நிறுத்தினால் அந்த வழி சில வாரங்களில் மூடிக்கொள்ளும். மூடிய இடத்தில் வண்டல் தங்கும். பிறகு படகு விட நினைத்தாலும் விட முடியாது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. தமிழர்களுக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாக மரக்காணம் வரை போகும் பக்கிங்காம் கால்வாயில் ஒரு காலத்தில் உப்பும் விறகும் நெல்லும் படகில் வந்தன. 1876-78 பஞ்சத்தில் கூலி வேலை கொடுப்பதற்காக அதன் ஒரு பகுதியை வெட்டினார்கள். பின்னாளில் படகுகள் குறைந்தன; சாக்கடையும் செடியும் சேர்ந்தன. இன்று சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்களே அந்தக் கால்வாய்க்குள் நிற்கின்றன. 2008-ல் தேசிய நீர்வழியாக அறிவித்தும் சென்னைக்குள் பழையபடி படகு வரவில்லை. குட்டநாட்டு வாய்க்கால்களுக்கு அந்தக் கதி வந்தால், ரோடு இல்லாத வீடுகளில் இருப்பவர்கள் எப்படி வெளியே வருவார்கள்?

பயணிகள் கவனத்துக்கு

ஸ்ராங்கு எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பயணிகளின் ஒத்துழைப்பு இல்லாமல் காரியம் நடக்காது.

படகு செடியில் நின்றுவிட்டால் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து போய் எட்டிப் பார்க்கக் கூடாது. படகு சாய்வது அப்போதுதான். பின்பக்கப் பாரத்தைக் குறைக்க முன்பக்கம் வரச் சொன்னால், ஒவ்வொருவராக, அவசரமில்லாமல் நகர வேண்டும்.

துறைக்கு அருகே போள அடர்ந்திருந்தால் தரை போலவே தெரியும். காலை வைத்தால் உள்ளே போய்விடும். மேலே செடி கூடிக்கொள்வதால் விழுந்தவரைக் கண்டுபிடிப்பதும் சிரமம். குழந்தைகளின் கையை விடக் கூடாது. கயிறு கட்டி முடியும் முன் யாரும் தாவக் கூடாது.

உயிர் காக்கும் மிதவை எங்கே இருக்கிறது என்று ஏறியதும் பார்த்துக்கொள்ள வேண்டும். நிரம்பிய படகில் தொற்றிக்கொள்வதைவிட அடுத்த படகுக்குக் காத்திருப்பதே மேல். ஒருநாள் கூலியோ அரைநாள் லீவோ போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்.

மழை முடிந்து போள மிகும் மாதங்களில் அரைமணி நேரம் முன்னதாகவே கிளம்புவது நல்லது. டீக்கடையில் பிளாஸ்டிக் பையை வாய்க்காலில் எறியுமுன் ஒரு நிமிஷம் யோசிக்கவும் வேண்டும். காலையில் எறிந்த பை, மாலையில் வீடு திரும்பும் படகின் விசிறியிலேயே சுற்றிக்கொள்ளலாம்.